ஆங்கிலோ-நார்மனும் பிரெஞ்சும்: வகுப்பில் ஓயாமல் கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேரத்தில் பெரியவர்களுக்குப் பிரெஞ்சு சொல்லித்தருகிறேன். நாலாவது, ஐந்தாவது பாடத்துக்குள் யாராவது ஒருவர் கை தூக்கி, "இந்தச் சொல் ஆங்கிலத்திலும் இருக்கிறதே, ஆனால் ஏன் கொஞ்சம் மாறியிருக்கிறது?" என்று கேட்டுவிடுவார். அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் அன்றைய இலக்கணப் பாடம் அவ்வளவுதான். ஒவ்வொரு தொகுப்பு மாணவருக்கும் இதையே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்ததால், கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே குறித்துவைத்து, பதில்களோடு இங்கே தருகிறேன்.

ஆங்கிலோ-நார்மன் என்றால் ஆங்கிலமும் நார்மனும் கலந்த கலவை மொழியா?

இல்லை. பெயர்தான் அப்படி ஏமாற்றுகிறது. இடைக்கால இங்கிலாந்தில் பேசப்பட்ட, எழுதப்பட்ட பிரெஞ்சுதான் அது. 1066இல் நார்மண்டியின் கோமகன் வில்லியம் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்று இங்கிலாந்தின் அரசனானபோது, அவனோடு கடல் கடந்து வந்தவர்களின் பேச்சிலிருந்து கிளைத்தது. இலக்கணமும் சொற்களும் பிரெஞ்சுக்குரியவை.

அதைப் பேசியவர்கள் யாரும் அதை 'ஆங்கிலோ-நார்மன்' என்று அழைக்கவில்லை. 'ஃப்ரான்செய்ஸ்' அல்லது 'ரொமான்ஸ்' என்றே சொன்னார்கள். இப்பெயர் பிற்கால அறிஞர்கள் ஒட்டியது. வில்லியமோடு வந்தவர்களில் நார்மன்கள் மட்டுமின்றி பிரெத்தோன், பிக்கார்டி, ஃபிளாண்டர்ஸ் பகுதிக்காரர்களும் இருந்ததால், 'இங்கிலாந்தின் பிரெஞ்சு' என்று சொல்வதே சரி என்று வாதிடுவோர் இன்று உண்டு. எனக்கும் அந்தப் பெயர்தான் பிடிக்கும். ஆனால் அகராதியின் பெயரே 'ஆங்கிலோ-நார்மன் அகராதி' என்று நிலைத்துவிட்டபோது நான் மட்டும் அடம்பிடித்து என்ன பயன்?

நார்மன்கள் வைக்கிங்குகள்தானே? அவர்களுக்குப் பிரெஞ்சு எப்படி வந்தது?

911இல் பிரெஞ்சு அரசன் மூன்றாம் சார்லஸ், ரொல்லோ என்ற வைக்கிங் தலைவனுக்கு சேன் ஆற்றின் முகத்துவாரப் பகுதியைக் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டான். வந்தவர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள். பிள்ளைகள் தாயின் மொழியைப் பேசினார்கள். ரொல்லோவின் பேரன் ரிச்சர்டை வைக்கிங்குகளின் நார்ஸ் மொழி கற்க பாயூ நகருக்கு அனுப்பவேண்டியிருந்தது, தலைநகர் ரூவானில் அதைப் பேசுவோர் குறைந்துவிட்டார்கள் என்று டூடோ என்ற பழைய வரலாற்றாசிரியர் எழுதுகிறார். 1066க்குள் அவர்கள் முழுக்க முழுக்கப் பிரெஞ்சு பேசுகிறவர்கள்.

சரி, அது பிரெஞ்சின் கிளைமொழியா, தனி மொழியா?

கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. 'பிரெஞ்சின் கிளைமொழி' என்றால், நடுவில் அடிமரமாக ஒரு பிரெஞ்சு ஏற்கெனவே நின்றிருக்க வேண்டும். 11ஆம் நூற்றாண்டில் அப்படி ஒன்று இல்லை. வடக்குப் பிரான்சில் நார்மன், பிக்கார்டு, ஷாம்பான்யு, பாரிஸ் சுற்றுவட்டார வழக்கு என ஒன்றுக்கொன்று புரியக்கூடிய பல பேச்சுகள் இருந்தன. 'ஆம்' என்பதற்கு 'ஒயில்' என்று சொன்னதால் இவற்றை மொத்தமாக 'ஒயில் மொழிகள்' என்பார்கள். அந்த 'ஒயில்'தான் இன்றைய 'வுய்'. பாரிஸ் வழக்கு இவற்றில் ஒன்று. அரசவை அங்கே இருந்ததால் பிறகு மற்றவற்றுக்கு மேலே ஏறிக்கொண்டது.

ஆகவே இன்றைய பிரெஞ்சு ஆங்கிலோ-நார்மனுக்குத் தாய் இல்லை. இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஒன்று வீட்டிலேயே இருந்து சொத்தைப் பிடித்துக்கொண்டது. மற்றொன்று கடல் கடந்து போய் அங்கேயே முடிந்தது.

வாரண்டி, கியாரண்டி இரண்டும் ஒரே சொல் என்று சொன்னீர்களே, நிஜமாகவா?

நிஜம்தான். மிக்சி வாங்கப்போன இடத்தில் "வாரண்டி ஒரு வருடம், மோட்டாருக்குக் கியாரண்டி ஐந்து வருடம்" என்று கடைக்காரர் சொல்லும்போது, அவருக்குத் தெரியாமலே பழைய பிரான்சின் இரண்டு வட்டார உச்சரிப்புகளை அடுத்தடுத்து உச்சரிக்கிறார். பிராங்க் என்ற ஜெர்மானிய இனத்தவரின் சொற்கள் பலவற்றில் முதலில் 'வ' ஒலி இருந்தது. வடக்கே நார்மண்டியிலும் பிக்கார்டியிலும் அந்த 'வ' அப்படியே நின்றது. பாரிஸ் பக்கம் அது 'க்வ' ஆகி, பிறகு வெறும் 'க' ஆயிற்று. நார்மன் வடிவத்திலிருந்து ஆங்கிலத்துக்கு 'வாரண்டி' வந்தது. 'கியாரண்டி' 17ஆம் நூற்றாண்டில் மறுபக்கத்து உச்சரிப்போடு தாமதமாக வந்து சேர்ந்தது. நம் செய்தித்தாள்களில் தினமும் வரும் 'பிடிவாரண்டு'க்குள் இருப்பதும் அதே நார்மன் சொல்தான்.

இதே கணக்கில் வார்டன், கார்டியன் இரண்டும் ஒன்று. விடுதி விண்ணப்பத்தில் இரண்டு பேரின் கையெழுத்தும் கேட்பார்கள்! ஆங்கிலத்தில் போருக்கு 'வார்', பிரெஞ்சில் 'கெர்'. ஆங்கிலேயருக்கு வில்லியம், பிரெஞ்சுக்காரருக்குக் கியோம்.

இன்னொரு வேறுபாடு லத்தீனின் 'க' ஒலியில். 'அ'வுக்கு முன் வந்த 'க', பாரிஸ் பக்கம் 'ச்ச' ஆகிப் பிறகு 'ஷ' ஆகிவிட்டது. நார்மண்டியின் வடபகுதியில் 'க'வாகவே இருந்தது. அதனால் கோட்டைக்கு ஆங்கிலத்தில் 'காசில்', பிரெஞ்சில் 'ஷாத்தோ'. 'கேட்டில்' என்றால் மாடு, 'சாட்டல்' என்றால் சட்டத்தில் அசையும் சொத்து. இரண்டும் ஒரே சொல்லின் இரு உச்சரிப்புகள். மாடுதான் செல்வம் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த 'க', 'ஷ' எல்லை வரைபடத்தில் எங்கே ஓடுகிறது என்பதை 19ஆம் நூற்றாண்டில் ஷார்ல் ஜொரே ஆராய்ந்து குறித்தார். அவர் பெயராலேயே அதை ஜொரே கோடு என்கிறார்கள். அது நார்மண்டியை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. ஆகவே எல்லா நார்மன்களும் 'க' சொன்னார்கள் என்றும் நினைத்துவிடக் கூடாது.

அப்படியானால் 'சீஃப்' என்பதும் 'செஃப்' என்பதும் வட்டார வேறுபாடா?

இங்கேதான் எல்லோரும் வழுக்கிவிழுகிறார்கள். இது இடத்தால் வந்த வேறுபாடு அல்ல, காலத்தால் வந்தது. பழைய பிரெஞ்சில், பாரிசிலும்கூட, அந்த எழுத்துக்கு 'பச்சை'யில் வரும் 'ச்ச' ஒலிதான். அந்தக் காலத்தில் ஆங்கிலத்துக்குப் போனது 'சீஃப்'. 13ஆம் நூற்றாண்டுவாக்கில் பிரெஞ்சில் அது 'ஷ' ஆனது. பல நூற்றாண்டு கழித்து சமையலறை வழியாக மறுபடி போனது 'ஷெஃப்'. நாம் அதைச் 'செஃப்' என்று எழுதிப் பழைய ஒலியையே திரும்பக் கொடுத்துவிட்டோம்.

ஹாஸ்டலும் ஹோட்டலும் இப்படித்தான். பழைய வடிவத்தில் 'ஸ்' இருந்தது. பிரெஞ்சு அதை விழுங்கிவிட்டு உயிரெழுத்தின் தலையில் ஒரு சிறு கூரை போட்டது. ஆங்கிலம் முன்பே வாங்கியதில் 'ஸ்' பத்திரமாக இருக்கிறது: ஃபாரஸ்ட், ஃபீஸ்ட், பீஸ்ட். பிரெஞ்சில் ஃபொரே, ஃபெத், பெத். கூரை போட்ட எழுத்தைப் பார்த்தால் ஒரு 'ஸ்' சேர்த்துப் பாருங்கள் என்று மாணவர்களிடம் சொல்வேன். பாதிச் சொற்கள் அவர்களாகவே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒரு பழைய சுவடியைப் பார்த்தவுடன் இது இங்கிலாந்துப் பிரெஞ்சு என்று சொல்லிவிட முடியுமா?

பழகிய கண்ணுக்குப் பெரும்பாலும் முடியும். காதல் 'அமுர்', பூ 'ஃப்ளுர்' என்று 'உ' எழுத்தோடு வரும். கண்டத்துச் சுவடிகளில், அதாவது பிரான்சில் எழுதப்பட்டவற்றில், அங்கே 'ஓ'வோ வேறு கூட்டெழுத்தோ வரும். அரசனும் சட்டமும் 'ரேய்', 'லேய்'; பாரிசில் 'ரோய்', 'லோய்' ஆகி இன்று 'ர்வா', 'ல்வா' என்று ஒலிக்கின்றன. பழைய பிரெஞ்சில் எழுவாய்க்கு ஒரு வடிவம், செயப்படுபொருளுக்கு ஒரு வடிவம் என்று பெயர்ச்சொற்களில் இரு வேற்றுமைகள் இருந்தன. இங்கிலாந்தில் அவை சீக்கிரமே கலைந்தன. ஆண்பால், பெண்பால் தடுமாற்றமும் போகப்போகக் கூடியது. ஆனால் வேற்றுமை கலைந்ததை மட்டும் வைத்து 'தவறு' என்று முத்திரை குத்திவிடாதீர்கள். பாரிசிலும் அது கலையத்தான் போகிறது, கொஞ்சம் தாமதமாக.

ஆனால் அது கெட்டுப்போன பிரெஞ்சு என்றுதானே புத்தகங்களில் படித்தேன்?

படித்திருப்பீர்கள். 20ஆம் நூற்றாண்டின் பாதிவரை அறிஞர்களே அப்படித்தான் எழுதினார்கள். அதற்குச் சான்றாக அந்தக் காலத்து ஆட்களே வரிசையாக வந்து நிற்கிறார்கள். 1160களில் பார்க்கிங் மடத்துக் கன்னித்துறவி ஒருவர், அரசர் எட்வர்டின் வரலாற்றைப் பிரெஞ்சுச் செய்யுளில் எழுதிவிட்டு, தனக்குத் தெரிந்தது இங்கிலாந்தின் பொய்ப்பிரெஞ்சுதான், வேறிடத்தில் கற்றவர்கள் திருத்திக்கொள்ளுங்கள் என்கிறார். சில ஆண்டு கழித்து, கொலையுண்ட பேராயர் தாமஸ் பெக்கெட்டின் கதையைக் காண்டர்பரியில் பாடிய கெர்ன் என்ற பிரெஞ்சுக்காரர், தன் மொழி நல்ல மொழி, ஏனென்றால் தான் பிரான்சில் பிறந்தவன் என்று மார்தட்டுகிறார். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரின் கதையில் வரும் மடத்தலைவிக்கு ஸ்ட்ராட்ஃபோர்டு பள்ளியின் பிரெஞ்சு தெரியும், பாரிசின் பிரெஞ்சு தெரியாது.

இவ்வளவையும் கேட்டபின் ஒரு சாட்சியை நான் அழைக்கிறேன். கொனோன் த பெத்யூன் என்ற கவிஞர், பிரான்சின் வடகோடி ஆர்த்துவாக்காரர், இங்கிலாந்தோடு சம்பந்தமில்லாதவர். 1180வாக்கில் பிரெஞ்சு அரசவையில் அவர் பாடியபோது ராணியும் அவருடைய மகனும் கொனோனின் ஊர்ச்சொற்களைக் கேலி செய்தார்கள். நான் (பாரிசுக்கு அருகிலுள்ள) போந்துவாசில் வளரவில்லையே, என் பேச்சு புரியத்தானே செய்கிறது என்று பாட்டிலேயே குமுறியிருக்கிறார். கேலி இங்கிலாந்தின் மீது மட்டும் விழவில்லை. பாரிசைச் சுற்றிய சில காத தூரத்துக்கு வெளியே இருந்த எல்லார் மீதும் விழத் தொடங்கியிருந்தது.

பிந்தைய ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. கண்டத்துப் பிரெஞ்சின் தொடரமைப்பில் வந்த மாற்றங்கள் 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இங்கிலாந்திலும் கூடவே வந்திருக்கின்றன. துண்டிக்கப்பட்டுக் கிடந்த மொழியில் அது நடக்காது. 'கெட்டுப்போனது' என்ற தீர்ப்பு கடைசிக் கட்டத்துச் சட்ட ஏடுகளுக்கு ஓரளவு பொருந்தலாம். அதைப் பற்றிக் கீழே வருகிறேன். முந்நூறு ஆண்டுக்கும் சேர்த்து அதைப் போடுவது அநியாயம்.

பிரெஞ்சு இலக்கியம் இங்கிலாந்தில்தான் தொடங்கியது என்று யாரோ சொன்னார்கள். மிகையா?

'தொடங்கியது' என்பது மிகை. ஆனால் உண்மை அதற்கு வெகுதூரத்தில் இல்லை. ரோலண்டின் காவியத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் இலக்கியத்தின் முதல் சிகரம் என்பார்கள். அதன் மிகப் பழைய பிரதி ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் ஆங்கிலோ-நார்மன் எழுத்தர் ஒருவர் எழுதியது. பிரெஞ்சில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய வரலாற்று நூல், 1130களில் கேமார் இயற்றிய ஆங்கிலேயர் வரலாறு. மிகப் பழைய விலங்கு நூலை ஃபிலிப் த தாவோன் முதலாம் ஹென்றியின் ராணிக்காக எழுதினார். மரி த ஃபிரான்ஸ் கதைப்பாடல்களை எழுதியதும் இங்கிலாந்தில்தான் என்பது பெரும்பாலோர் கருத்து. 'நான் பிரான்சைச் சேர்ந்தவள்' என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் அவசியம் பிரான்சுக்குள் இருப்பவருக்கு எதற்கு?

ஏன் அங்கே? வில்லியம் வருவதற்கு முன்பே இங்கிலாந்தில் சட்டம், வரலாறு, மறையுரை எல்லாம் ஆங்கிலத்தில் எழுதும் வழக்கம் இருந்தது. பிரான்சில் எழுத்து என்றாலே லத்தீன். மக்கள் மொழியிலும் எழுதலாம் என்ற துணிச்சலை வெற்றிபெற்றவர்கள் தோற்றவர்களிடமிருந்து கற்றிருக்கிறார்கள் என்பதே எனக்குத் திருப்தி தரும் விளக்கம்.

இங்கிலாந்தில் எல்லோருமே பிரெஞ்சு பேசினார்களா?

இல்லை. உழவர்கள் கடைசிவரை ஆங்கிலம்தான். பிரபுக்கள், அரசவை, மடங்கள், பிறகு வழக்கறிஞர்கள், பெருவணிகர்கள் ஆகியோரிடம் பிரெஞ்சு இருந்தது. பதிவேடுகளின் மொழி லத்தீன். நாட்டின் நிலம் முழுவதையும் கணக்கெடுத்த 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே ஏடு லத்தீனில்தான் இருக்கிறது.

ஆட்டை வளர்த்தவன் 'ஷீப்' என்றான், தின்றவன் 'மட்டன்' என்றான். இந்தக் கதையாவது உண்மையா?

பாதி உண்மை. 'மட்டன்' பிரெஞ்சின் 'மூத்தோன்'. அங்கே அது இன்றும் உயிருள்ள ஆட்டையும் குறிக்கும், கறியையும் குறிக்கும். இடைக்கால ஆங்கிலத்திலும் அப்படியே. மேய்கிற ஆட்டையும் 'மட்டன்' என்று எழுதியிருக்கிறார்கள். தொழுவத்துக்கு ஒன்று, தட்டுக்கு ஒன்று என்ற கறாரான பிரிவினை நார்மன்கள் போன பல நூற்றாண்டுக்குப் பிறகே உறுதிப்பட்டது. கதையைப் பிரபலமாக்கியவர் 19ஆம் நூற்றாண்டு நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். அழகான கதை என்பதால் ஆசிரியர்கள் விடமாட்டேன் என்கிறார்கள். நானும் பல வருடம் சொல்லியிருக்கிறேன்.

1204இல் நார்மண்டியை இழந்தபிறகு இங்கிலாந்தில் பிரெஞ்சு ஏன் உடனே மறையவில்லை?

மறையவில்லை என்பதோடு, எழுத்தில் பெருகவே செய்தது. பிரெஞ்சு அரசன் இரண்டாம் ஃபிலிப் நார்மண்டியைப் பிடித்தபின், இங்கிலாந்துப் பிரபுக்களுக்குக் கடலுக்கு அப்பால் இருந்த நிலமும் உறவும் அறுந்தன. வீட்டில் குழந்தைகள் ஆங்கிலம் பேசினார்கள். ஆனால் பிரெஞ்சு அப்போது ஐரோப்பாவின் கௌரவ மொழி. 1275ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் பிரெஞ்சில் வெளிவந்தது.

தாயிடம் கற்காததை இனி வாத்தியாரிடம் கற்க வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் வால்டர் ஆஃப் பிபஸ்வொர்த் ஒரு சீமாட்டியின் பிள்ளைகளுக்காகச் செய்யுளில் பாடநூல் எழுதினார். வரிகளுக்கிடையே ஆங்கிலப் பொருள் குறித்திருக்கும். ஏறக்குறைய ஒரே ஒலியுள்ள நான்கு சொற்களை அடுக்கி, உதடு, முயல், பவுண்டு, புத்தகம் என்று பால் வேறுபாட்டைப் பழக்குகிறார். ஏழரை நூற்றாண்டு கழித்து என் மாணவர்கள் அதே சொற்களில் அதே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

பிரெஞ்சு செல்வாக்கு 1066இல் வந்ததென்றால், ஆங்கிலத்தில் சொற்கள் ஏன் அப்போதே குவியவில்லை?

மேலே சொன்னதில் விடை இருக்கிறது. இரு மொழிக்காரர்கள் பிரெஞ்சைப் பேசிக்கொண்டிருந்தவரை அவர்களின் சொற்கள் பிரெஞ்சோடேயே இருந்தன. அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறியபோதுதான் மூட்டை முடிச்சோடு மாறினார்கள். 13ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 14ஆம் நூற்றாண்டின் இறுதிவரை வெள்ளம்போல் சொற்கள் நுழைந்தது அதனால்தான்.

1362இல் சட்டம் போட்டு ஒழித்துவிட்டார்கள் அல்லவா?

மூன்றாம் எட்வர்டின் ஆட்சியில் அப்படி ஒரு சட்டம் வந்தது உண்மை. பிரெஞ்சு நாட்டில் யாருக்கும் அதிகம் தெரியவில்லை, வழக்குகளை இனி ஆங்கிலத்தில் வாதாடுங்கள் என்றது. அந்தச் சட்டம் எழுதப்பட்ட மொழி? பிரெஞ்சு. பள்ளிகளிலும் அதே காற்று வீசியது. பிள்ளைகளுக்குத் தங்கள் இடது குதிகாலுக்குத் தெரிந்த அளவு பிரெஞ்சுகூடத் தெரியவில்லை என்று 1385இல் ஜான் டிரெவிசா என்ற மொழிபெயர்ப்பாளர் எழுதுகிறார். 1399இல் நான்காம் ஹென்றி அரியணையை ஆங்கிலத்தில் உரிமை கோரினான்.

வழக்கறிஞர்கள் மட்டும் விடவில்லை. வழக்குக் குறிப்புகளைப் பிரெஞ்சில்தான் எழுதினார்கள், நூற்றாண்டுகள் கடந்தும். இதுதான் நான் மேலே ஒத்திவைத்த 'கெட்டுப்போன' கட்டம். 1631இல் சால்ஸ்பரி நீதிமன்றத்தில் கைதி ஒருவன் நீதிபதி மீது செங்கல்லை வீசினான். குறி தப்பியது. அதைப் பதிவு செய்தவர் 'ஜெக்ட் அன் பிரிக்பேட்' என்றும், 'கெ நாரோலி மிஸ்ட்' என்றும் எழுதியிருக்கிறார். 'ஜெக்ட்', 'அன்', 'கெ' மட்டும் பிரெஞ்சு. கல்லும் தப்பியதும் ஆங்கிலம். கைதியின் கையை வெட்டி அங்கேயே தூக்கிலிட்டார்கள் என்பதையும் அதே மொழியில் எழுதிவைத்தார். நீதிமன்றத்தில் ஆங்கிலம் மட்டுமே என்ற விதி 1733இல்தான் உறுதியாக நடைமுறைக்கு வந்தது.

பிரெஞ்சு கொடுத்துக்கொண்டே இருந்ததா, எதையும் வாங்கவில்லையா?

வாங்கியது. திசைகளைக் குறிக்கும் 'நோர்', 'சுயுத்', 'எஸ்த்', 'வெஸ்த்' நான்கும் பழைய ஆங்கிலச் சொற்கள். படகைக் குறிக்கும் 'பத்தோ'வும் அப்படித்தான். ஆங்கிலக் கால்வாயில் போய்வந்த கப்பல்காரர்கள் வழியாக இவை பிரான்சுக்குள் ஏறின.

இன்று யாராவது ஆங்கிலோ-நார்மன் பேசுகிறார்களா?

இல்லை. ஜெர்சி, குவெர்ன்சி, சார்க் தீவுகளில் முதியவர்கள் சிலர் பேசும் மொழியை அது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது நார்மண்டியின் நார்மனிலிருந்து நேராக வந்தது. 1204இல் அரசன் நார்மண்டியை இழந்தபோது கையில் நின்றவை அந்தத் தீவுகள் மட்டுமே. ஆங்கிலோ-நார்மனுக்கு அதை ஒன்றுவிட்ட சகோதரி எனலாம், மகள் எனக் கூடாது.

எனக்கு இன்றைய பிரெஞ்சு ஓரளவு தெரியும். நேரே படிக்கத் தொடங்கலாமா?

தொடங்கலாம், முதல் வாரம் எரிச்சல் வரும். ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். கண்ணால் படிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள், எழுத்தின் விகாரம் பாதி கரைந்துவிடும். ஆங்கிலோ-நார்மன் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ரோலண்டில் கை வைக்காமல் சட்ட வாசகங்களிலிருந்து தொடங்குங்கள். சொல்லியதையே சொல்வதால் சீக்கிரம் பழகும்.

அதைவிடச் சிறிய பாடம் ஒன்றும் உண்டு. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் மசோதாவுக்கு அரசரின் ஒப்புதல் கிடைத்ததும் அலுவலர் இன்றும் 'லெ ர்வா லெ வெ' என்று அறிவிக்கிறார்: 'அரசர் அதை விரும்புகிறார்'. எழுத்தில் பார்த்தால் அரசன் என்ற சொல்லின் ஈற்றில் பழைய எழுத்து நிற்கும், வினைச்சொல்லின் நடுவே இன்றைய பிரெஞ்சில் இல்லாத ஓர் 'எல்' நிற்கும். மறுப்பதற்கும் ஒரு வாசகம் இருக்கிறது: 'லெ ர்வா சாவிஸ்ரா', 'அரசர் யோசித்துப் பார்ப்பார்'. கடைசியாக ஒரு மசோதா மறுக்கப்பட்டது 1708இல், ஆன் ராணியின் காலத்தில்.